எழும்பூரா, தாம்பரமா? முதலில் உங்கள் தேதியைப் பாருங்கள்

கேள்வி:

ஐயா, பங்குனி உத்திரத்துக்கு எங்கள் குலதெய்வமான சாஸ்தா கோவிலுக்குப் போக, நெல்லை எக்ஸ்பிரஸில் திருநெல்வேலிக்கு ஸ்லீப்பர் வகுப்பில் ஐந்து டிக்கெட் எடுத்திருக்கிறோம். ஐந்தும் ஒரே டிக்கெட்டில், உறுதியாகிவிட்டன. எங்கள் தெருவில் உள்ள ஏஜென்ட் மூலமாக எடுத்தோம். மாமனாருக்கு 74 வயது. இரண்டு முழங்காலிலும் வலி, படியேறுவது கடினம். மாமியாருக்கு 70. மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. கணவர் மறைமலை நகரில் வேலை செய்கிறார், அன்று வேலை முடிந்துதான் வருவார். எங்கள் வீடு திருவொற்றியூரில். டிக்கெட்டில் சென்னை எழும்பூர் என்று இருக்கிறது. ஆனால் எழும்பூர் நிலையத்தை இடித்துக் கட்டுகிறார்கள், ரயில்கள் எல்லாம் தாம்பரத்திலிருந்துதான் புறப்படுகின்றன என்று அக்கம்பக்கத்தில் சொல்கிறார்கள். இப்போதே ஏறும் நிலையத்தைத் தாம்பரம் என்று மாற்றிவிடலாமா? ரயில் கிடைக்காமல் போனால் என்ன செய்வது என்று பயந்து, பஸ்ஸிலும் டிக்கெட் எடுத்து வைக்கலாமா என்று யோசிக்கிறோம். என்ன செய்யட்டும்?

— திருவொற்றியூர் வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஏறும் நிலையத்தை இப்போது மாற்றாதீர்கள். உங்கள் கடிதத்தில் மற்ற எதையும்விட என்னைக் கவலைப்பட வைத்தது இந்த ஒன்றுதான். நல்ல எண்ணத்தோடு எடுக்கிற முன்னெச்சரிக்கை, உங்கள் மாமனாருக்கே கஷ்டமாக முடியக்கூடும். ஏன் என்று சொல்கிறேன்.

எழும்பூரிலிருந்தே புறப்படுகிற ஒரு தென்மாவட்ட ரயில், நேரத்துக்கு முன்பே நடைமேடைக்கு வந்து நின்றுவிடும். பெட்டியைத் தேடி, பெரியவரைக் கைப்பிடித்து ஏற்றி, பெட்டி படுக்கைகளை இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டுக் குழந்தைக்குத் தண்ணீர் வாங்கி வரக்கூட அவகாசம் இருக்கும். அதே ரயில் தாம்பரத்தில் வழி நிலையமாக நிற்பது ஓரிரு நிமிடங்கள்தான். பண்டிகைக் கூட்டத்தில் பொதுப்பெட்டிக்கு ஓடுகிறவர்கள் ஒரு பக்கம், தங்கள் பெட்டி எங்கே என்று எதிர்ப்பக்கம் ஓடுகிறவர்கள் ஒரு பக்கம். அந்த இரண்டு நிமிடத்தில் மூட்டு வலிக்காரர் ஒருவரையும், ஒரு மூதாட்டியையும், நான்கு வயதுக் குழந்தையையும் நீங்கள் ஒருவரே ஏற்ற வேண்டும். கணவர் உடன் இருப்பாரா என்பதும் நிச்சயமில்லை. ஒரு தடவை ஏறும் நிலையத்தை மாற்றிவிட்டால், எழும்பூரில் ஏறும் உரிமையும் போய்விடும். பிறகு ரயில் எழும்பூரிலிருந்தே புறப்படுகிறது என்று தெரியவந்தால், உங்கள் வசதியை நீங்களே கைவிட்டதாக ஆகும்.

மாறாக, நிர்வாகமே உங்கள் ரயிலைத் தாம்பரத்துக்கு மாற்றினால், அன்று தாம்பரம்தான் புறப்படும் நிலையம். ரயில் அங்கே முன்கூட்டியே வந்து நிற்கும். ஆக, தாம்பரத்தில் ஏறுவது எளிதா கடினமா என்பது, அன்று ரயில் அங்கிருந்து புறப்படுகிறதா அல்லது கடந்து போகிறதா என்பதைப் பொறுத்தது. இதைத் தெரிந்துகொள்ளும் வரை டிக்கெட்டில் கை வைக்க வேண்டாம்.

"ரயில்கள் எல்லாம் தாம்பரத்திலிருந்துதான்" என்று சொல்வது சரியில்லை. எழும்பூர் மறுசீரமைப்புக்கு 2022 மே மாதம் அடிக்கல் நாட்டினார்கள். மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி நிலையங்களுக்கும் அதே நாளில்தான். எழும்பூர்ப் பணியின் மதிப்பு ஏறத்தாழ 735 கோடி ரூபாய். 1908-இல் திறக்கப்பட்ட சிவப்பு வெள்ளைக் கட்டடத்தை இடிக்கவில்லை, அது அப்படியே இருக்கும். காந்தி இர்வின் சாலைப் பக்கமும் பூந்தமல்லி நெடுஞ்சாலைப் பக்கமும் புதிய கட்டடங்கள் எழுப்பி, இரண்டையும் தண்டவாளங்களுக்கு மேலே ஒரு பெரிய கூடத்தால் இணைப்பதுதான் திட்டம். சிக்கல் வருவது அந்த மேல்கூடத்தால்தான். அதைத் தாங்கும் தூண்களை நடைமேடைகளுக்கு நடுவே இறக்க வேண்டும். துளையிடும் இயந்திரமும் கிரேனும் வேலை செய்ய வேண்டிய இடத்துக்கு மேலே 25,000 வோல்ட் மின்கம்பி ஓடுகிறது. மின்சாரத்தை நிறுத்தாமல், தண்டவாளத்தைக் காலி செய்யாமல் அங்கே கிரேனின் கையைத் தூக்கவே முடியாது. இரவில் கிடைக்கிற சில மணி நேரம் போதாதபோது, ஒரு நடைமேடையை வாரக்கணக்கில் மூடிவிடுவார்கள். எழும்பூரில் இருப்பதே 11 நடைமேடைகள். அதில் ஒன்றிரண்டு குறைந்தால் சில ரயில்களுக்கு இடமில்லாமல் போகிறது; அவற்றை மட்டும் குறிப்பிட்ட தேதியிலிருந்து குறிப்பிட்ட தேதி வரை வெளியே அனுப்புகிறார்கள். 2025-இல் அப்படித்தான் சில ரயில்கள் தாம்பரத்துக்குப் போயின. கடற்கரை நிலையத்துக்கு அனுப்பப்பட்டதும் உண்டு. மற்றவை எழும்பூரிலிருந்தே ஓடிக்கொண்டிருந்தன.

இந்த மாற்றங்களுக்கு ஒரு குணம் உண்டு. அறிவிப்பில் ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தத் தேதி நெருங்கும்போது, வேலை முடியாவிட்டால், இன்னும் சில வாரங்கள் நீட்டிப்பதாக அடுத்த அறிவிப்பு வரும். அதனால் போன மாதம் ஊருக்குப் போய்வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது போன மாதத்துக்கு உண்மை, உங்கள் நாளுக்கு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. இன்றைக்கு நீங்கள் விசாரித்துத் தெரிந்துகொள்வதும் பயண நாளுக்குள் மாறலாம். முன்பதிவு 60 நாட்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. ஆனால் எந்த நடைமேடையை எப்போது மூடுவார்கள் என்பது பல நேரங்களில் அதற்குப் பிறகுதான் முடிவாகிறது. டிக்கெட்டில் ஒரு நிலையத்தின் பெயரும் அறிவிப்பில் வேறொரு பெயரும் இருப்பது இதனால்தான்.

விசாரிப்பதை மூன்று தடவை செய்யுங்கள்: பயணத்துக்குப் பத்து நாள் முன்பு ஒரு தடவை, முந்தைய நாள் காலையில் ஒரு தடவை, பயண நாளன்று வீட்டைவிட்டுக் கிளம்பும் முன் ஒரு தடவை. 139 என்ற எண்ணில் கேட்கலாம். தேசிய ரயில் விசாரணை அமைப்பின் செயலியிலோ இணையதளத்திலோ பார்க்கலாம். அங்கே ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ரயிலின் பொதுவான கால அட்டவணையைத் திறந்தால் எப்போதும் போல எழும்பூர் என்றே காட்டக்கூடும். அதைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள். உங்கள் தேதியைத் தேர்ந்தெடுத்து அந்த நாளின் ஓட்டத்தைப் பாருங்கள். ரத்தான, பகுதியாக ரத்தான, மாற்றுப் பாதையில் விடப்பட்ட ரயில்களின் பட்டியலையும் பாருங்கள். எழும்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையே "பகுதி ரத்து" என்று இருந்தால், ரயில் தாம்பரத்திலிருந்து புறப்படுகிறது என்று பொருள். பதறத் தேவையில்லை, ரயில் ஓடுகிறது.

அடுத்தது குறுஞ்செய்தி. மாற்றம் இருந்தால் டிக்கெட்டில் பதிவான கைபேசி எண்ணுக்குத் தகவல் வரும். உங்கள் டிக்கெட்டில் பதிவாகியிருப்பது யாருடைய எண்? ஏஜென்ட் மூலம் எடுத்தவர்களில் பலருக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியாது. ஏஜென்ட்டின் சொந்த எண் பதிவாகியிருந்தால், ரயில் தாம்பரத்துக்கு மாறிய செய்தி அவருடைய கைபேசியில், நூற்றுக்கணக்கான மற்றச் செய்திகளோடு கிடக்கும். நீங்கள் எழும்பூரில் நின்றுகொண்டிருப்பீர்கள். நாளைக்கே அவரிடம் போய்க் கேளுங்கள். அவருடைய எண்தான் என்றால், உங்கள் ரயிலின் பெயரையும் தேதியையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, செய்தி வந்தவுடன் அழைக்கச் சொல்லுங்கள். ஆனாலும் அவரை மட்டும் நம்பியிருக்காமல், மேலே சொன்ன மூன்று தடவை விசாரிப்பை நீங்களே செய்யுங்கள்.

அங்கே போகும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். அச்சிட்ட டிக்கெட்டில், அங்கீகரிக்கப்பட்ட முகவர் என்ற முறையில் அவருடைய விவரம் இருக்க வேண்டும். தன் சொந்தக் கணக்கில் எடுத்துப் பிறருக்கு விற்பது ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி குற்றம்; பிடிபட்டால் அந்த டிக்கெட்டுகளும் சிக்கலில் மாட்டும். உங்கள் ஏஜென்ட் அப்படிப்பட்டவர் என்று நான் சொல்லவில்லை. பெரியவர்களை அழைத்துக்கொண்டு போகிற பயணத்தில் இதையும் ஒரு கண் பார்த்துவிடுவது நல்லது.

இனி, இரண்டு விதமாகவும் திட்டம் போடுவோம்.

ரயில் எழும்பூரிலிருந்தே புறப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து, அங்கே வழித்தடம் மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர். மெட்ரோவில் லிஃப்ட் இருப்பதால் மாமனாருக்குப் படி ஏறும் வேலை குறைவு. சிரமம் எழும்பூர் ரயில் நிலையத்துக்குள் நுழையும்போதுதான் தொடங்கும். வேலை நடக்கும் நிலையத்தில் நேற்று இருந்த வழி இன்று தகரத்தடுப்புக்குப் பின்னால் போயிருக்கும். வாகனம் நிறுத்தும் இடம், ஆட்டோ நிற்கும் இடம், நகரும் படிக்கட்டு, லிஃப்ட் எல்லாமே இடம் மாறலாம் அல்லது தற்காலிகமாக மூடப்படலாம். நீங்கள் பழகிய எழும்பூரை மனதில் வைத்து நேரத்தைக் கணக்கிடாதீர்கள். ரயில் புறப்படுவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே நிலையத்துக்குள் இருக்கும்படி கிளம்புங்கள். இது அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள். பெரியவர் நிதானமாக, இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்து வருவதற்கும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

சக்கர நாற்காலியைக் கேட்டு வாங்குவதற்குக் கூச்சப்படாதீர்கள். நிலைய மேலாளர் அலுவலகத்திலோ விசாரணை மையத்திலோ கேட்டால் கொடுப்பார்கள். தள்ளிக்கொண்டு போக உரிமம் பெற்ற போர்ட்டரை அமர்த்திக்கொள்ளலாம். கூலியை முன்பே பேசிவிடுங்கள். எனக்குத் தெரிந்த பல பெரியவர்கள், "நான் நடந்தே வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு, பாதி நடைமேடையில் வலி தாங்காமல் நின்றுவிடுவார்கள். உங்கள் மாமனாரிடம் இதை வீட்டிலேயே பேசிச் சம்மதிக்க வைத்துவிடுங்கள். அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டு அவரோடு வாதாட முடியாது.

நடக்க வேண்டிய தூரத்தையும் யோசியுங்கள். எல்.எச்.பி. எனப்படும் இப்போதைய வகைப் பெட்டி ஒன்றின் நீளம் சுமார் 24 மீட்டர். 22 பெட்டிகள் கொண்ட ரயில் என்றால் அரை கிலோமீட்டருக்கு மேல். தவறான முனையில் இறங்கினால், பெரியவர் அந்த அரை கிலோமீட்டரையும் நடக்க வேண்டியிருக்கும். பெட்டிகளின் வரிசையை முதலில் தெரிந்துகொண்டு, உங்கள் பெட்டிக்கு அருகில் இறங்கும் மேம்பாலத்தையோ லிஃப்ட்டையோ தேர்ந்தெடுங்கள். நடைமேடை எண் அறிவிப்புப் பலகையிலும் ஒலிபெருக்கியிலும் உறுதியாகும் வரை பெரியவரை எந்த நடைமேடைக்கும் அழைத்துப் போகாதீர்கள், காத்திருக்கும் கூடத்திலேயே உட்கார வையுங்கள். நடைமேடைகள் குறைந்திருக்கும் நிலையத்தில் கடைசி நேரத்தில் எண் மாறுவது நடக்கும். ஒரு தடவை ஏறி இறங்கவே சிரமப்படுகிறவருக்கு இரண்டாவது பாலம் மிகப் பெரிய தண்டனை.

ரயில் தாம்பரத்துக்கு மாற்றப்பட்டிருந்தால் கணக்கு வேறு. முதலில் டிக்கெட். எழும்பூர் என்று இருந்தாலும் அந்த டிக்கெட்டிலேயே தாம்பரத்தில் ஏறலாம். புதிதாக எதுவும் எடுக்க வேண்டாம். உங்கள் படுக்கைகள் உங்களுக்கே. தாம்பரம் வரை மின்சார ரயிலில் போவதாக இருந்தால், அதற்கு மட்டும் தனியாக டிக்கெட் எடுத்துவிடுங்கள். சில ரூபாய்தான். அதை மிச்சம் பிடிக்கப் போய்ப் பரிசோதகரிடம் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

திருவொற்றியூரிலிருந்து தாம்பரத்துக்கு மூன்று வழிகள் உண்டு. டாக்சியில் நேராகப் போவதுதான் பலருக்கு முதலில் தோன்றும். முப்பது கிலோமீட்டருக்கு மேல் நகரத்தின் குறுக்கே போக வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிகளால் பல சாலைகள் ஏற்கெனவே குறுகியிருக்கின்றன. பண்டிகைக்கு முந்தைய மாலையில், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்துக்குப் போகிற வண்டிகளும் சேர்ந்து, தாம்பரம் வழியாகத் தெற்கே போகும் ஜி.எஸ்.டி. சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். மின்சார ரயில் நேரத்துக்குப் போய்ச் சேர்க்கும். ஆனால் சென்ட்ரல் மெட்ரோவில் இறங்கிப் பூங்கா நிலையத்துக்கு நடந்து, மாலை நேர நெரிசலில் ஏறி, தாம்பரம் வரை பெரியவர்களை அழைத்துப் போவது உங்கள் குடும்பத்துக்கு ஏற்றதில்லை. இளைஞர்கள் மட்டும் போவதாக இருந்தால் இதையே சொல்லியிருப்பேன்.

உங்களுக்கு ஏற்றது மூன்றாவது வழி. திருவொற்றியூரிலிருந்து மெட்ரோ நீல வழித்தடம் எங்கும் மாறாமல் விமான நிலையம் வரை போகிறது. உட்கார இடம் கிடைத்துவிட்டால், குளிரூட்டிய பெட்டியில் அலுங்காமல் நகரத்தைக் கடந்துவிடலாம். விமான நிலைய மெட்ரோவில் லிஃப்ட்டில் இறங்கி, அங்கிருந்து தாம்பரத்துக்கு மட்டும் டாக்சி வையுங்கள். பத்துக் கிலோமீட்டருக்குள்தான். நெரிசலில் எவ்வளவுதான் ஊர்ந்தாலும் அந்தத் தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டால் போதும். டாக்சி கிடைக்கவில்லை என்றால் எதிரே திரிசூலம் மின்சார ரயில் நிலையம் இருக்கிறது. பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம் சானடோரியம் தாண்டினால் தாம்பரம். இந்த வழியில் போனால், ரயில் புறப்படும் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் முன்பு வீட்டைவிட்டுக் கிளம்புங்கள். இரவு உணவை வீட்டிலேயே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள்; இட்லியும் மிளகாய்ப்பொடியும் போதும். அங்கே போய் வாங்கலாம் என்று இருக்காதீர்கள், குழந்தையையும் பெரியவரையும் விட்டுவிட்டு நீங்கள் வரிசையில் நிற்க முடியாது. தாம்பரத்துக்குக் கிழக்கிலும் மேற்கிலும் வாயில்கள் உண்டு. டாக்சிக்காரர் பழக்கத்தில் ஜி.எஸ்.டி. சாலைப் பக்கம் இறக்கிவிடுவார். உங்கள் ரயில் எந்த நடைமேடையில், அதற்கு எந்தப் பக்கம் அருகில் என்று 139-இல் கேட்டுவிட்டு, அந்தப் பக்கமாக இறக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணவர் விஷயத்துக்கு வருகிறேன். மறைமலை நகரிலிருந்து எழும்பூர் வந்து, மீண்டும் அதே வழியில் தெற்கே போவது வீண் அலைச்சல். ரயில் எழும்பூரிலிருந்து புறப்பட்டாலும் அவர் தாம்பரத்தில் ஏறிக்கொள்ளட்டும். ஆனால் ஏறும் நிலையத்தை ஒரு டிக்கெட்டில் உள்ள ஒருவருக்கு மட்டும் தனியாக மாற்ற முடியாது. ஐந்து பேருக்கும் சேர்த்துத்தான் மாறும். ஆகவே மாற்றாமல் விட்டுவிட்டு, நீங்கள் எழும்பூரில் ஏறியதும் டிக்கெட் பரிசோதகரிடம் "இவர் தாம்பரத்தில் ஏறுகிறார்" என்று சொல்லிவிடுங்கள். இதைத் தவறவிடக் கூடாது. இப்போது பரிசோதகர்கள் கையில் சிறு கருவி வைத்திருக்கிறார்கள். வராதவர் என்று அதில் குறித்துவிட்டால் அந்தப் படுக்கை, முழுப் படுக்கை கிடைக்காமல் காத்திருக்கும் ஆர்.ஏ.சி. பயணிக்குப் போய்விடும். குடும்பத்தில் மற்றவர்கள் அருகிலேயே இருந்து சொல்லும்போது பெரும்பாலும் பரிசோதகர்கள் ஏற்றுக்கொள்வார்கள். இருந்தாலும் சட்டப்படி உங்கள் டிக்கெட்டின் ஏறும் நிலையம் எழும்பூர்தான் என்பதை மனதில் வைத்து, பணிவாகவே கேளுங்கள். உங்கள் கணவருக்கு வேலை முடியத் தாமதமானால் தாம்பரத்துக்கு விரைந்து வர வேண்டாம். மறைமலை நகரிலிருந்து செங்கல்பட்டு இன்னும் பக்கம், ரயிலும் தாம்பரத்தைத் தாண்டித்தான் அங்கே வரும். அங்கே போய்க் காத்திருக்கட்டும்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று அடையாள அட்டை. இ-டிக்கெட்டில் பயணிகளில் யாராவது ஒருவர் அசல் அடையாள அட்டை காட்ட வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அது கணவரின் பர்ஸில்தான் இருக்கும். அவர் தாம்பரத்தில் ஏறுவதற்குள் எழும்பூரிலேயே சோதனை நடந்துவிட்டால்? உங்கள் ஆதார் அட்டையும் மாமனாருடைய அட்டையும் உங்கள் கைப்பையில் இருக்கட்டும். டிக்கெட்டின் நகல் உங்கள் கைபேசியிலும் அவர் கைபேசியிலும், ஒரு அச்சுப்படி மாமியாரின் பையிலும் இருக்கட்டும்.

படுக்கை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் சேர்த்ததால், முதியோருக்கான கீழ் படுக்கைச் சலுகை உங்கள் மாமனார், மாமியாருக்குக் கிடைத்திருக்காது. ஆண்களுக்கு 60 வயதிலிருந்தும் பெண்களுக்கு 45 வயதிலிருந்தும் அந்த ஒதுக்கீடு உண்டு. ஆனால் தனியாகவோ இருவராகவோ பதிவு செய்தால்தான் பலன் தரும். டிக்கெட்டை எடுத்துப் பாருங்கள். குடும்பத்துக்கு ஒரு கீழ் படுக்கை வந்திருந்தாலும் அது பெரியவருக்குத்தான். உங்களுக்குள் இடம் மாறிக்கொள்வதை யாரும் தடுக்க மாட்டார்கள். இரண்டாவது கீழ் படுக்கை வேண்டுமென்றால், ரயில் புறப்பட்ட பிறகு பரிசோதகரிடம் கேளுங்கள், காலியாக இருந்தால் முதியோருக்குக் கொடுக்க வழி இருக்கிறது. அடுத்த தடவை அவர்கள் இருவருக்கும் தனி டிக்கெட், அதே நாளில், முதியோர் ஒதுக்கீட்டில் எடுத்துவிடுங்கள். நான்கு வயது மகனுக்கு டிக்கெட் தேவையில்லை. உங்களோடு படுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

பஸ் டிக்கெட்டும் எடுத்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். ரயில் தாம்பரத்துக்கு மாறுவதால் உங்கள் இடம் போய்விடாது. பஸ்ஸுக்கும் நீங்கள் கிளாம்பாக்கம் போக வேண்டும், அது தாம்பரத்தையும் தாண்டி இருக்கிறது. முழங்கால் வலியோடு பத்து மணி நேரத்துக்கு மேல் காலை மடக்கி உட்கார்ந்து வருவதைவிட, படுத்துக்கொண்டு, கழிப்பறை வசதியோடு வருவதுதான் உங்கள் மாமனாருக்கு நல்லது. ஐந்து இருக்கைக்குப் பண்டிகைக் கட்டணம் கொடுத்துவிட்டுக் கடைசி நேரத்தில் ரத்து செய்தால் கிடைப்பதும் கொஞ்சம்தான். அந்தப் பணத்தைப் போர்ட்டருக்கும் டாக்சிக்கும் தாராளமாகச் செலவு செய்யுங்கள்.

ரயிலே முழுமையாக ரத்தானால் இ-டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பிவிடும். தாம்பரத்துக்கு மாறியதால் உங்களால் போக முடியவில்லை என்ற நிலை வந்தால் அது தானாக வராது, டி.டி.ஆர். என்ற விண்ணப்பத்தை, டிக்கெட் எடுத்த அதே கணக்கிலிருந்து, ரயிலின் புறப்பாட்டு நேரத்திலிருந்து 72 மணி நேரத்துக்குள் பதிவு செய்ய வேண்டும். அதாவது உங்கள் ஏஜென்ட்தான் செய்ய வேண்டும். சார்ட், அதாவது யாருக்கு எந்தப் படுக்கை என்ற பட்டியல், தயாரான பிறகு டிக்கெட்டைச் சாதாரணமாக ரத்து செய்ய முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். முன்பு ரயில் புறப்படுவதற்கு நான்கு மணி நேரம் முன்பு தயாரான சார்ட், 2025 ஜூலையில் எட்டு மணி நேரம் முன்பு என்று மாறியது; 2025 டிசம்பரிலிருந்து இரவு ரயில்களுக்குக் குறைந்தது பத்து மணி நேரம் முன்பே தயாராகிறது. இரவு ரயிலுக்குக் காலையிலோ மதியத்துக்குள்ளோ கதவு மூடிவிடும். அதனால்தான் முந்தைய நாள் காலை விசாரிப்பைத் தவறவிட வேண்டாம் என்றேன். முடிவை மாற்றுவதானால் அன்றுதான் அதற்கு அவகாசம்.

திரும்பி வருவதைப் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. போகும் ரயிலுக்கு மாற்றம் இருந்தால், வரும் ரயிலையும் பெரும்பாலும் தாம்பரத்திலேயே நிறுத்திவிடுவார்கள். தென்மாவட்ட இரவு ரயில்கள் பல விடியற்காலையில் வந்து சேர்பவை. தூக்கக் கலக்கத்தில் எல்லோரும் எழும்பூர் வரும் என்று படுத்திருப்பீர்கள். திடீரென்று பெட்டி காலியாகும். திருநெல்வேலியில் ஏறும் முன்பே 139-இல் கேட்டுவிட்டு, செங்கல்பட்டு வரும் நேரத்துக்கு அலாரம் வையுங்கள். தாம்பரத்தில் இறங்கியதும் அவசரப்பட்டு டாக்சிக்கு அலைய வேண்டாம். மெட்ரோ காலை ஐந்து மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். அதுவரை பெரியவர்களைக் காத்திருப்பு அறையில் உட்கார வைத்து, ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, போன வழியிலேயே விமான நிலையம் வந்து மெட்ரோவில் ஏறுங்கள். அந்த நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை ஓரளவு காலியாக இருக்கும், மெட்ரோவிலும் எல்லோருக்கும் உட்கார இடம் கிடைக்கும்.